உம்மாவுக்காகச் சேர்த்த மைல்ஸ்

11 ஜூலை 2023, செவ்வாய்

மழை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். கிளினிக்குக்கு மொத்தமே நாலு பேஷண்ட். மழை வந்தால் பல்வலியும் வீட்டிலேயே இருந்துகொள்கிறது. பில் போட ஆளில்லாமல் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தபோதுதான் கார்டு விற்கிறவர் மாடியேறி வந்தார். வேல்ராஜ் என்று பேர், தாராவிக்காரர், கழுத்தில் பேங்க் அடையாள அட்டை. கீழே மருந்துக் கடை ஓரம் மேஜை போட்டிருக்கிறாராம். நான் உம்மாவோடு போனில் தமிழ் பேசியதைக் கேட்டு வந்தாராம்.

விஹங் ஏர்லைன்ஸ் பேர் போட்ட கிரெடிட் கார்டு. அரிசி வாங்கினாலும் மைல்ஸ் சேருமாம், கரண்ட் பில் கட்டினாலும் மைல்ஸ் சேருமாம். சேர்ந்த மைல்ஸைக் கொடுத்தால் விமான டிக்கெட்.

"வருசத்துக்கு எத்தன தடவ பறப்பீங்க மேடம்?"

"இதுவரைக்கும் பறந்ததே இல்ல."

"இனிமே?"

"ஒரே ஒரு தடவ."

"எங்க மேடம்?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். ஹஜ்ஜுக்கா என்று அவரே கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன். பொய்தான். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

இங்கே எழுதலாம். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர், இவர், பம்பாயில் பிறந்தவர், தமிழ் பேச்சோடு சரி. மகள் சஃப்ரீனுக்கு 'அ' என்பதே ஒரு ஓவியம். என் டைரிக்குப் பூட்டு வேண்டாம்.

ஒரே ஒரு தடவை. மேலப்பாளையத்துக்கு. உம்மா மவுத்தாகிக் கண்ணை மூடிய செய்தி வந்ததும்.

எழுதிவிட்டேன். எழுதின கையைத் தட்ட வேண்டும்போல் இருக்கிறது. உம்மா நல்லபடியாக உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருப்பாள் இந்த நேரம்.

12 ஜூலை

நேற்று எழுதியதை இன்று படித்தேன். கிழிக்கவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

வாப்பா மவுத்தானது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். விடியற்காலை, சுபுஹுத் தொழுகை நேரத்துக்குத் தகவல் வந்தது. இவர் அப்போதுதான் தாராவியில் பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பைப் புதிதாக எடுத்திருந்தார். விமானத்துக்கு அன்றைய விலை என்ன என்று யாரிடமோ விசாரித்தார். கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நானும் கேட்கவில்லை. சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஒன்றரை நாள். திருநெல்வேலியில் இறங்கியபோது மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வீட்டில் சோறு வெந்துகொண்டிருந்தது. மவுத்தான அன்றைக்கே சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துவிட்டோம் என்று கூடப்பிறந்த காக்கா சொன்னார்.

ஆம்பிளைப் பிள்ளை என்றால் நேரே மையத்தை அடக்குகிற மையவாடிக்குப் போய் கபர் பக்கத்தில் நின்று அழலாம். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. முகமும் பார்க்கவில்லை, மண்ணும் பார்க்கவில்லை. கழுவிவிட்ட தரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனாலேயோ என்னவோ, வாப்பா எங்கேயோ வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று ஒரு மனசு இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

உம்மாவுக்கும் அப்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

14 ஜூலை, வெள்ளி

இவரிடம் சொன்னேன். விமானம் என்று சொல்லவில்லை, கார்டு என்றேன்.

"வட்டிக் கார்டு நம்ம வாசப்படி ஏறக் கூடாது. பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா உனக்கு?"

ஜும்மாவுக்குப் போனவரிடம் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன். தவணைக்கு முன்னால் முழுசாகக் கட்டினால் வட்டி எங்கே வருகிறது, ஆனால் ஒரு நாள் தவறினாலும் வரும், தவறுகிற ஆள் என்றால் வாங்காதே என்றாராம். இவருக்கு ஏமாற்றம். ஹராம் என்று ஒரே போடாகப் போடுவார் என்று நம்பிப் போயிருக்கிறார்.

நான் தவறுகிற ஆள் இல்லை. அது இவருக்கே தெரியும்.

20 ஜூலை

இன்று டாக்டரைக் கேட்டேன். வெங்கடேஸ்வரன் டாக்டரிடம் நாலு வகை டிராவல் கார்டு இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வருகிற மாதிரி அவர் சிங்கப்பூர் போய் வருகிறவர்.

"இது என்னை மாதிரி ஆசாமிக்கு, நிஷா. ஏர்போர்ட் லவுஞ்ச்ல டிபன் சாப்பிட்டே வருஷக் கட்டணத்தை வசூல் பண்ணிடுவேன். ஒரே ஒரு தரம் போறதுக்கு எதுக்கு? முன்னாடியே டிக்கெட் போட்டா சல்லிசா கிடைக்குமே!"

முன்னாடியே எப்படிப் போடுவது டாக்டர்? தேதி எனக்குத் தெரியாதே. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சஃப்ரீனும் அதையேதான் சொல்கிறாள். அவள் கால் சென்டரில் இப்படி ஒரு கார்டுக்குத்தான் பதில் சொல்கிறாள். "மம்மி, இது நம்மள மாதிரி லோக் கே லியே நஹி, நமக்கில்ல. ஃபீஸ் கட்டியே போயிரும்."

எல்லாரும் சொல்வது சரிதான். ஆனால் வேல்ராஜிடம் நான் கேட்டதை அவர்கள் யாரும் கேட்கவில்லை. கடைசி நாளில் காசு கொடுத்து வாங்கினால் விலை மூன்று மடங்கு ஏறும். மைல்ஸ் கொடுத்து வாங்கினால் ஏறாது. சீட் காலியாக இருந்தால் போதும். அன்றைக்கு இவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கார்டு எனக்கு லாபமா நஷ்டமா என்பதற்கு டாக்டரின் கணக்கு உதவாது.

வாங்கப் போகிறேன்.

9 ஆகஸ்ட்

கார்டு வந்தது. நீலக் கலர், ஓரத்தில் ஒரு பறவை. இவர் தூரத்திலிருந்தே பார்த்தார், தொடவில்லை.

உம்மா போன் செய்தாள். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டாள்: "ஏளா, எப்ப வார?"

"லீவு கெடைக்கட்டும் உம்மா."

17 அக்டோபர்

நம் வீட்டுச் செலவை மட்டும் நம்பினால் உம்மாவுக்கு நூற்றிருபது வயது ஆக வேண்டும். அதனால் சீத்தா கேம்ப்பில் எங்கள் சந்து முழுவதும் என் கார்டில்தான் ஓடுகிறது. கரண்ட் பில், போன் ரீசார்ஜ், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். அவர்கள் கையில் ரொக்கம் தருகிறார்கள், நான் கார்டில் கட்டுகிறேன், ரொக்கத்தை அன்றே பேங்கில் போடுகிறேன். டாக்டர்கூட மனசிறங்கி, கிளினிக்குக்கு வாங்குகிற பஞ்சு, கையுறை, பல் அடைக்கிற சிமெண்ட் எல்லாவற்றையும் என் கார்டில் வாங்க விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு முருகம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவளுடைய கரண்ட் பில்தான் சந்திலேயே பெரியது.

"உங்க ஏரோப்ளேன் எங்க கிரைண்டர்லதான்க்கா ஓடுது," என்று சிரிக்கிறாள். பிறகு குரலை இறக்கி, "எதுக்குச் சேக்கீகன்னு எனக்குத் தெரியும். எங்கம்மைக்கு நானும் போய்ச் சேரல," என்றாள்.

 மாவு ஒரு பாக்கெட் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள்.

26 பிப்ரவரி 2024

சேர்ந்துவிட்டது! போகவும் வரவும். சஃப்ரீன் ஆப்பில் காட்டினாள். ஒரு சின்னப் பச்சைக் கோடு, நிறைந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. எதற்குச் சந்தோஷம் என்றும் தோன்றியது. நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது உண்மை. இனி எப்போது போன் அடித்தாலும் பயப்பட வேண்டாம்.

11 ஏப்ரல், பெருநாள்

உம்மா வீடியோவில் வந்தாள். புதுச் சேலை. காக்கா பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். காக்கா என்றால் முகம்மது ஹனீப், என் ஒரே கூடப்பிறந்தவர். உம்மா அவரோடுதான் இருக்கிறாள்.

"பெருநாளைக்காவது வருவன்னு நெனச்சேன்."

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பாக்கலாம் உம்மா."

போக முடியாது என்றில்லை. மைல்ஸ் இருக்கிறது. ஆனால் இப்போது செலவழித்துவிட்டால், நாளைக்கே ஒன்று ஆனால்? மறுபடி சேர்க்க ஆறேழு மாதம் வேண்டும். ரயிலில் போகலாமே என்றால் டாக்டர் அவ்வளவு நாள் லீவு தரமாட்டார், போக வர மூன்று நாள் ரயிலிலேயே போய்விடும்.

எழுதிப் பார்த்தால் காரணமெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

17 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள். போகவில்லை.

3 அக்டோபர்

விஹங்கிலிருந்து மெசேஜ். என் மைல்ஸ் டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதி ஆகிறதாம். உபயோகப்படுத்தி மகிழுங்கள் என்று ஒரு பூப்படம்.

இதைப் படித்ததும் என் மனசு என்ன செய்தது என்பதை எழுதத்தான் வேண்டும். இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கேயும் சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று விரல் மடக்கினேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் ஆனால் வீணாகாது என்று நினைத்தேன்.

அதற்குள் என்ன ஆனால்?

சீ. என்ன மனுஷி நான்? பெத்த உம்மாவுக்குக் கெடு வச்சிட்டேனே. ஏரோப்ளேன்காரன் குடுத்த தேதிக்குள்ள உம்மா போயிரணுமா? யா அல்லாஹ். கார்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அது ஒன்றும் ஆகாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் விழுந்தது. இவர் என்ன சத்தம் என்று கேட்டார். கரப்பான் என்றேன்.

4 அக்டோபர்

கார்டை டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். இன்று முருகம்மாளின் பில்லுக்குக் கடைசி நாள்.

10 நவம்பர், ஞாயிறு

சஃப்ரீன் குட்டை உடைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

வீடியோவில் உம்மா தனக்கு மூச்சு வாங்குகிறது, மாடி ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் நடுவில் புகுந்து, "நானி, டென்ஷன் எடுக்காதீங்க. உங்களுக்கு குச் ஹோ கயா தோ, ஏதாச்சும் ஆச்சுன்னா, மம்மி அன்னைக்கே ஃபிளைட்ல வந்துரும். மைல்ஸ் எல்லாம் ரெடியா வச்சிருக்கு," என்றாள்.

 உம்மாவுக்கு முதலில் புரியவில்லை. காக்காவைப் பார்த்தாள். காக்கா தரையைப் பார்த்தார். பிறகு புரிந்தது.

சிரித்தாள். "என் மவுத்துக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்காளா உன் உம்மா?"

"அப்படி இல்ல உம்மா..."

"இருளா. வாப்பா முகத்தப் பாக்கலன்னு உனக்குக் கொறை. எனக்குத் தெரியாதா? என் முகத்தயாவது பாக்கணும்னு நெனைக்க. சரி. நீ வந்து என்னயப் பாத்துருவ. நான் உன்னயப் பாக்க வேண்டாமா? மையத்துக்குக் கண்ணு தெரியுமாளா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன்காரனிடம் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

 ஒன்றரை வருஷமாக நான் பார்ப்பதைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன். உம்மா பார்ப்பது என்று ஒன்று இருப்பதே என் கணக்கில் வரவில்லை.

சஃப்ரீன் அழுதாள். நானும். இவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, யார் என்ன ஆனார்கள் என்று புரியாமல் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சொன்னேன்.  அப்புறம், "சலி ஜா. போயிட்டு வா. மைல்ஸ் போனா போகட்டும்," என்றார். கார்டு வந்த நாளிலிருந்து இன்றுதான் அதைக் கையால் தொட்டார். எடுத்து சஃப்ரீனிடம் கொடுத்து டிக்கெட் போடச் சொன்னார்.

10 டிசம்பர், செவ்வாய். மேலப்பாளையம்

வாழ்க்கையில் முதல் தடவை பறந்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஏறும்போது காது அடைத்தது, ஆயத்துல் குர்ஸி ஓதினேன், முடிப்பதற்குள் மேகத்துக்கு மேலே. கார்டைக் காட்டினால் லவுஞ்சில் சாப்பாடு சும்மா என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். உப்புமா எடுத்தேன். உப்பில்லை. சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து, அஸருக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றேன். காலையில் சீத்தா கேம்ப், சாயங்காலம் மேலப்பாளையம். இவ்வளவுதானா தூரம்?

உம்மா என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கண்ணில் புரை. நல்ல கண்ணைக் கிட்டத்தில் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்காய் வாங்குகிறவள் தோற்றாள்.

"நரச்சுட்டியேளா. இது என்ன, கண்ணுக்குக் கீழ கருப்பு?"

"வேலை உம்மா."

"ஏரோப்ளேன்ல என்ன குடுத்தான்?"

"தண்ணி."

"அதுக்கா இவ்வளவு பாடு?"

சர்க்கரைப் பொட்டலங்களைக் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரையா என்று ஏசிவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

13 டிசம்பர்

இன்று சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். வாப்பாவை அன்றைக்கே ஏன் அவ்வளவு அவசரமாக எடுத்தீர்கள், ஒரு நாள் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். பத்து வருஷம் உள்ளே கிடந்தது.

உம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எடுக்கலளா. உன் மனசு நோவும்னு காக்கா பொய் சொன்னான். நீ ஏரோப்ளேன்ல வந்துருவன்னு நாந்தான் வச்சிருக்கச் சொன்னேன். மறுநா மத்தியானம் லுஹர் வரைக்கும் வச்சிருந்தோம். மே மாசம். ஐஸ் பெட்டி எல்லாம் அன்னைக்கு எங்க கெடச்சது? ஹஸ்ரத் வந்து சத்தம் போட்டாரு. கடசில எங்களுக்கே முகத்தப் பாக்க முடியல."

 அந்த மறுநாள் லுஹருக்கு நான் ரயிலில் இருந்தேன். யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்திருப்பேன்.

"அவர நோகடிச்சிட்டேன்னு எனக்கு இன்னமும் கெடந்து அடிக்கி. எனக்கு அப்படிச் செய்யாதிய. உன் ஏரோப்ளேனுக்காக என்னயக் காக்க வைக்காத. நேரத்துக்கு எடுத்துரச் சொல்லணும் நீ. காக்கா உன்னயக் கேக்காம எடுக்க மாட்டான்."

"உம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சத்தியம் வேண்டாம். சரின்னு சொல்லு, போதும்."

சரி என்றேன். சொன்னதும் டம்ளரை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தாள். ஆறிப்போயிருந்திருக்கும்.

17 டிசம்பர்

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏளா, எப்ப வார?" என்றாள். இன்னும் தெருமுனையைக்கூட நான் தாண்டவில்லை.

"அடுத்த டிசம்பர் உம்மா. நிச்சயம்."

22 பிப்ரவரி 2025

பழைய மிச்சம் டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது, மைல்ஸ் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. இந்தத் தடவை எதற்கு என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். உம்மாவைப் பார்க்க. சந்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. டாக்டர் இப்போது வீட்டுக்கு வாங்கும் ஃபிரிட்ஜைக்கூட என் கார்டில் வாங்கச் சொல்கிறார். முருகம்மாள் இரண்டாவது கிரைண்டர் போட்டிருக்கிறாள். பச்சைக் கோடு கால்வாசியைத் தாண்டிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கே போய்விடலாம் போலிருக்கிறது.

19 ஏப்ரல், சனி

உம்மா மவுத்து. சுபுஹுக்குப் பிறகு.

20 ஏப்ரல். ரயிலில்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

தொழுதுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். காக்கா பேசும்போது பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. இவர் உடனே போனில் விமானம் தேடினார். இருக்கிற மைல்ஸ் போகிற ஒரு வழிக்குக்கூடக் காணவில்லை. "காசு குடுத்தே போடு," என்று சஃப்ரீனிடம் சொன்னார். சட்டைப் பையைப் பார்க்கவில்லை, அந்தக் காலம் போய்விட்டது. சாயங்காலம் ஒரு விமானத்தில் சீட் இருந்தது. வீடு சேர நடுராத்திரி ஆகும்.

காக்காவுக்குச் சொன்னோம்.

"வாரன்னா ஐஸ் பெட்டி சொல்லுதேன். காலைல எடுப்போம். நீ சொல்றதுதான். நான் உன்னயக் கேக்காம எடுக்க மாட்டேன்."

உம்மா அப்படியே சொன்னாளே.

ஐஸ் பெட்டி இருக்கிறது. விமானம் இருக்கிறது. காசும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இல்லாதது எல்லாம் இப்போது இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உம்மா முகத்தைப் பார்த்துவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. வச்சிருங்க காக்கா, நான் வந்துருதேன். எத்தனை தடவை வந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இவரும் சஃப்ரீனும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அஸருக்கே எடுத்துருங்க காக்கா. உம்மாவக் காக்க வைக்காதிய."

காக்கா ஆம்பிளை. ஓவென்று அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சி, காக்காவின் மனைவி, வீடியோவில் கூப்பிட்டாள், முகத்தைக் காட்டவா என்று. வேண்டாம் என்றேன். ஜன்னல் பக்கம் என்னை இழுத்துவைத்துப் பார்த்த முகம் இருக்கிறது, அது போதும் என்றேன். எல்லாரும் என்னைப் பெரிய மனுஷி மாதிரி பார்த்தார்கள். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

போதும் என்றது பொய். போதலையே உம்மா. எனக்குப் போதல. பெருநாளைக்கு வந்திருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்திருக்கலாம். பச்சைக் கோடு நெறஞ்ச அன்னைக்கே வந்திருக்கலாம். எத மூடி மூடி வச்சிருந்தேன் நான்?

எடுத்தாச்சு என்று இருட்டுவதற்குள், மஃரிபுக்கு முன்னால், தகவல் வந்தது. அதன் பிறகு விமானம் எதற்கு? கடைசி நேரத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. சஃப்ரீன் அவசரத்தில் என் கார்டிலேயே டிக்கெட் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. இன்று காலையில் விஹங்கிலிருந்து மெசேஜ், இந்தப் பயணத்துக்கும் மைல்ஸ் சேர்ந்திருக்கிறதாம்.

குண்டக்கல் தாண்டிவிட்டது. காக்கா போன் செய்தார். எங்கே வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். நாளைக்குத்தான் வந்து சேர முடியும் என்றேன்.

"மெதுவா வா. இங்க அவசரம் ஒண்ணுமில்ல."

21 ஏப்ரல். மேலப்பாளையம்

பாத்திஹா ஓதினார்கள். தலையணையை எடுத்தபோது அந்தச் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

மழை. கார்டுக்கு வருஷக் கட்டணம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தது. மதியம் கீழே இறங்கி, மருந்துக் கடை ஓரம் வேல்ராஜின் மேஜைக்குப் போனேன். மூடிவிட வேண்டும், என்ன செய்யணும் என்று கேட்டேன்.

சேர்ந்திருக்கிற மைல்ஸ் எல்லாம் போய்விடுமே என்றார். முருகம்மாளின் அப்பா தென்காசியில் தனியாக இருக்கிறார், அவள் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். இருக்கிற மைல்ஸில் அவளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம், அதற்கு விதி இடம் கொடுக்கிறது, மீதிக்குக் கொஞ்சம் காசு கட்ட வேண்டும் என்றார். மேஜையிலேயே உட்கார்ந்து போட்டுவிட்டோம். அடுத்த வாரம் போகிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

மூடுகிற மனுவை போனிலேயே தட்டிக்கொண்டிருந்தார். காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது.

"என்ன போட மேடம்? லாபமில்லன்னு போடவா?"

"லாபம்தான் தம்பி. ஒரு தடவ பறந்தேன்."

அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. "ஹஜ்ஜுக்குன்னு சொன்னீங்களே மேடம். போயிட்டு வந்துட்டீங்களா?"

"ஹஜ்ஜுக்கு இல்ல. எங்க உம்மா என்னயப் பாக்கணும்னு சொன்னாங்க."